எங்கள் திங்கட்கிழமையைத் திருப்பித் தாருங்கள்: கோல்ஃப் கிளப் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கமிட்டித் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

கருவி ஷெட்டின் கதவில் மூன்று வாரத்துக்கு முன்பு நீங்கள் ஒட்டச் சொன்ன சுற்றறிக்கையைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான்கே வரி. அடுத்த மாதம் முதல், கிளப்புக்கு விடுமுறையான திங்கட்கிழமைகளில் ஊழியர்கள் மைதானத்தில் ஆடக்கூடாது. பயிற்சித் திடலில் அடிக்கத் தரும் பந்து வாளி இனி இலவசம் கிடையாது. புதரிலும் குட்டையிலும் கிடைக்கும் பந்துகளை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். கிளப் கடையில் ஊழியர் தள்ளுபடி 'மறுபரிசீலனையில்' இருக்கிறது. காரணம் என்று இரண்டு சொல்லியிருக்கிறீர்கள்: சலுகைகள் தவறாகப் பயன்படுத்தப்படுகின்றன, புல்தரை தேய்கிறது. கீழே கையெழுத்துகூட இல்லை, முத்திரை மட்டும்.

இந்த மைதானத்தின் புல்தரைக் குழுவில் 17 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். உங்களில் பலர் என்னைப் பார்த்திருப்பீர்கள், பேசியிருக்க மாட்டீர்கள். நீங்கள் முதல் பந்தை அடிக்க வருவதற்குள் நாங்கள் கிரீன்களை, அதாவது குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரைகளை, முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்போம். இதை மூடிய உறையில் போட்டுக் கொடுத்திருக்கலாம். ஆனால் மேலாளர் வழியாக இரண்டு முறை கேட்டுவிட்டோம். இரண்டு முறையும் 'கமிட்டி முடிவு, நான் என்ன செய்ய' என்ற பதில்தான் வந்தது. அதனால் உறுப்பினர்கள் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என்னை வேலைக்கு எடுத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அப்போதைய தலைமைப் பராமரிப்பாளர் சம்பளத்தைச் சொன்னார். என் முகம் விழுந்ததைக் கவனித்துவிட்டு, "சம்பளம் கம்மிதான் தம்பி. ஆனா திங்கட்கிழமை இந்த மைதானம் நம்மளோடது" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் சேர்ந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. அது வரைக்கும் நான் ஒரு கோல்ஃப் மட்டையைக் கையில் தொட்டதுகூட இல்லை.

சரி, அது வாய்ப்பேச்சு, எழுத்தில் எங்கே என்பீர்கள். எழுத்திலும் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் சம்பள உயர்வு கேட்டு மனு கொடுத்தோம். நீங்கள் அனுப்பிய பதில் கடிதத்தின் நகலை எல்லாரும் பத்திரமாக வைத்திருக்கிறோம். 'ஊழியர்களுக்கு வழங்கப்படும் விளையாட்டு வசதியையும் கணக்கில் கொண்டு' இப்போதைக்கு உயர்வு இல்லை என்று அதில் எழுதியிருந்தீர்கள். அதாவது நாங்கள் பணம் கேட்டபோது திங்கட்கிழமை ஆட்டம் சம்பளத்தின் ஒரு பங்கு. இப்போது அதையே எடுக்கும்போது மட்டும் அது சலுகை ஆகிவிட்டது. இரண்டில் எது உண்மை என்று கமிட்டி ஒரு முடிவுக்கு வந்தால் நன்றாக இருக்கும்.

அடுத்து, தேய்மானம். திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை, எங்களுக்கு இல்லை. ஆட்கள் நடமாட்டம் இருக்கும்போது செய்ய முடியாத வேலையெல்லாம் அன்றுதான். கிரீனில் துளை போட்டு மண் குச்சிகளை எடுப்பது, மணல் தூவித் தேய்ப்பது, மருந்து அடிப்பது, பங்கர் எனும் மணல் பள்ளங்களின் ஓரங்களைச் செதுக்குவது. இதெல்லாம் முடிய மதியம் இரண்டு மணி தாண்டும். அதற்குப் பிறகுதான் ஆட்டம். மருந்து அடித்த கிரீனிலும் துளை போட்ட கிரீனிலும் நாங்கள் கால் வைப்பதே இல்லை. ஒட்டுமொத்தமாக ஆடுகிறவர்கள் 12 பேர், மிஞ்சிப்போனால் 14. ஞாயிற்றுக்கிழமை முன்பதிவு ஏட்டைப் புரட்டி, அன்று காலை முதல் மாலை வரை எத்தனை பேர் அதே கிரீன்களில் நடந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கிரீனில் பந்து வந்து விழும்போது ஏற்படும் பள்ளத்தை உடனே ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளிச் சரிசெய்தால் சீக்கிரம் ஆறிவிடும். அப்படியே விட்டால் புல் செத்து, வாரக்கணக்கில் தழும்பாகக் கிடக்கும். செவ்வாய்க்கிழமை காலையில் நான் குனிந்து சரிசெய்யும் பள்ளங்கள் முந்தின நாள் ஆடிய ஊழியர்கள் விட்டுப்போனவை அல்ல. மறுநாள் குனியப் போவது தானேதான் என்று தெரிந்த ஒருவன் தன் பள்ளத்தை விட்டுவிட்டு நகர மாட்டான்.

நாங்கள் ஆடுவதால் மைதானத்துக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். தினமும் காலையில் நான் செய்யும் ஒரு வேலையைச் சொல்கிறேன்.

குழியை இடம் மாற்றுவது. விதிப்படி குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர், ஆழம் குறைந்தது 101.6 மில்லிமீட்டர். உள்ளே வைக்கும் குவளை தரைமட்டத்திலிருந்து ஓர் அங்குலமாவது கீழே இருக்கவேண்டும். இதெல்லாம் யாருக்கும் சொல்லிக் கொடுத்துவிடலாம். வெட்டும் கருவியை நிமிர்த்திப் பிடித்து, கைப்பிடியைத் திருகித் திருகி இறக்கினால் புல்லோடு ஓர் உருளை மண் வெளியே வரும். அதை நேற்றைய குழிக்குள் இறக்கி உள்ளங்கையால் அழுத்துவேன். இங்கேதான் விஷயம். அது இரண்டு மில்லிமீட்டர் உயர்ந்து நின்றால் அடுத்த முறை வெட்டும் இயந்திரம் அதன் தலையைச் சீவிவிட்டுப் போய்விடும். கிரீனில் புல்லை விடுவதே மூன்று மில்லிமீட்டர் உயரம்தான். இரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்தாலோ, அன்று யாரோ ஒருவர் நிதானமாகக் குறிபார்த்துத் தட்டிய பந்து அந்த வட்டத்தில் இறங்கித் திசைமாறும். ஆகவே குனிந்து, கன்னத்தைப் புல்லோடு ஒட்டி வைத்துப் பார்ப்பேன். பனியில் கன்னம் நனையும். அது பரவாயில்லை.

ஆனால் புதுக் குழியை எங்கே வெட்டுவது? அதற்கு அளவுகோல் கிடையாது. குழியைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சரிவு ஒரே சீராக இருக்கவேண்டும் என்பது பொதுவான பாடம். ஏழாவது கிரீனின் இடதுமூலை பார்வைக்குச் சமதளம்தான். முதல் இரண்டு ஆண்டுகள் அங்கே நானே குழி வெட்டியிருக்கிறேன். ஒரு திங்கட்கிழமை அந்த மூலையில் மேலிருந்து கீழே இரண்டு அடி தூரத்தில் நின்று மெதுவாகத் தட்டினேன். பந்து குழியின் விளிம்பைத் தொட்டு, ஒரு கணம் யோசித்து, பிறகு உருண்டுகொண்டே கிரீனை விட்டே இறங்கிப் போய்விட்டது. கூட ஆடியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றோடு அந்த மூலையை என் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். உங்களில் எத்தனை பேரின் ஞாயிற்றுக்கிழமையை அந்த ஒரு சிரிப்பு காப்பாற்றியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

போன ஆண்டு கிரீன்களை இன்னும் வேகமாக்கச் சொன்னீர்கள். ஸ்டிம்ப்மீட்டர் வாங்கிக் கொடுத்தீர்கள், நன்றி. ஒரு சாய்ந்த பட்டையிலிருந்து பந்தை உருட்டிவிட்டு, எத்தனை அடி ஓடுகிறது என்று அளப்பது. ஆனால் அதைக் கிரீனின் சமமான பகுதியில் வைத்துத்தான் அளக்க முடியும். அங்கே பத்து அடி ஓடுகிற பந்து, சரிவில் என்ன செய்யும் என்பதை அந்தப் பட்டை சொல்லாது. மட்டையைப் பிடித்து நிற்கிறவனின் மணிக்கட்டுதான் சொல்லும். அந்தக் கருவியே அப்படித்தான் பிறந்தது. 1935இல் ஓக்மாண்ட் மைதானத்தில் நடந்த அமெரிக்க ஓபன் போட்டியில் ஒரு முன்னணி ஆட்டக்காரரின் பந்து கிரீனை விட்டே உருண்டு ஓடியதைப் பார்த்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர்தான் அதை உருவாக்கினார். அவரே நல்ல ஆட்டக்காரர். எங்கள் ஏழாவது கிரீன் பந்துக்கும் அதே கதிதான், பார்த்துச் சிரிக்கத்தான் ஆட்கள் இருந்தார்கள்.

பதினான்காவது ஃபேர்வேயில், கிரீனுக்குப் போகும் அந்தப் புல்வழியில், ஏற்பட்ட தண்ணீர்க் கசிவையும் மறந்திருக்க மாட்டீர்கள். மேலே புல் பச்சைப் பசேல் என்று இருந்தது, எல்லாரும் மெச்சினார்கள். ஒரு திங்கட்கிழமை எங்கள் பாசனப் பிரிவு ஆள் ஒருவர் அடித்த பந்து, மழை பெய்து ஆறு நாளான தரையில், பாதி புதைந்து நின்றது. அவர் மட்டையை அங்கேயே போட்டுவிட்டு மண்டியிட்டு மண்ணைக் கையால் பிசைந்து பார்த்தார். ஆட்டம் அத்தோடு நின்றது. மறுநாள் தோண்டியபோது தண்ணீர்க் குழாயின் ஓர் இணைப்பு விட்டிருந்தது. கசிவு இன்னும் ஒரு மாதம் ஓடியிருந்தால் ஃபேர்வேயின் அந்தத் துண்டு வேரழுகிப் போயிருக்கும். இது ஆண்டறிக்கையில் 'பராமரிப்புக் குழுவின் விழிப்புணர்வு' என்று ஒரு வரியாக வந்தது. விழிப்புணர்வு இல்லை ஐயா, அவர் அன்று ஆடிக்கொண்டிருந்தார்.

தவறாகப் பயன்படுத்தினார்கள் என்ற குற்றச்சாட்டை முழுதாக மறுக்கப் போவதில்லை. இரண்டு ஆண்டுக்கு முன்பு புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் பேட்டரி வண்டியைக் கிரீன் ஓரத்தில் ஏற்றினான். சக்கரத் தடம் பல நாள் தெரிந்தது. வேறொருவர் வெளியாட்கள் நாலு பேரை அழைத்து வந்து ஆடவைத்தார், அவர்களிடம் பணம் வாங்கினார் என்றும் பேச்சு. இரண்டும் தப்பு. முதல் ஆளை நாங்களே ஒரு மாதம் திங்கட்கிழமை ஆட்டத்திலிருந்து நிறுத்தி வைத்தோம். இரண்டாமவர் இப்போது வேலையில் இல்லை. உறுப்பினர் ஒருவர் கோபத்தில் மட்டையை வீசிப் பங்கர் வாரும் கருவியை உடைத்ததற்காக எல்லா உறுப்பினர்களுக்கும் மைதானத்தை மூடினீர்களா?

பந்துகள் விஷயத்தில் நான் அதிகம் வாதாடப் போவதில்லை. குட்டையில் முழங்கால் சேற்றில் இறங்கி எடுக்கிற பந்தை ஒப்படைக்கவேண்டும் என்றால் ஒப்படைக்கிறோம். அப்புறம் குட்டைக்குள் யாரும் இறங்காமல் போனால் ஆச்சரியப்பட வேண்டாம். கடைத் தள்ளுபடியும் அப்படித்தான், இருந்தால் நல்லது, போனால் அழ மாட்டோம். சீருடை, மழைக்கோட்டு, தலைக்கவசம் இதையெல்லாம் சலுகைப் பட்டியலில் நீங்கள் சேர்த்திருப்பதுதான் எனக்குப் புரியவில்லை. தோளில் ஒரு முறை பந்து பட்டு பத்து நாள் கையைத் தூக்க முடியாமல் இருந்தவன் நான். பந்து வருகிறது என்று எச்சரிக்க 'ஃபோர்' என்று கத்தியது காதில் விழுந்தது. இயந்திரச் சத்தத்தில் எந்தப் பக்கத்திலிருந்து என்றுதான் தெரியவில்லை. தலைக்கவசம் சலுகை என்றால் அந்தப் பந்து என்ன?

'இப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்ப்பதே பெரிய கொடுப்பினை' என்று உறுப்பினர்கள் சிலர் சொல்வதுண்டு. பொய் இல்லை. இருட்டு விலகுகிற நேரத்தில் பனி போர்த்திய கிரீனில் முதல் வெட்டு போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், ஒரு பட்டை வெளிறியும் ஒரு பட்டை கருத்தும் நேர்க்கோடாகக் கிடக்கும். 17 வருடத்துக்குப் பிறகும் எனக்கு அது அலுக்கவில்லை. ஆனால் அந்தக் காட்சியை நீங்கள் தரவில்லை, அதை உண்டாக்குவதே நாங்கள்தான்.

இந்த விளையாட்டின் வரலாற்றை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் நீங்கள். கிளப்பின் நடைக்கூடத்தில் ஓல்ட் டாம் மாரிஸின் படம் தொங்குகிறது. 1861, 1862, 1864, 1867 என்று நான்கு முறை பிரிட்டிஷ் ஓபனை வென்றவர். நான்கு முறையும் அவர் சம்பளத்துக்கு ஒரு மைதானத்தைப் பராமரித்துக்கொண்டிருந்தவர், முதலில் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக், பிறகு அதே நாட்டின் செயின்ட் ஆண்ட்ரூஸ். கடைசி முறை 46 வயதில் வென்றார், அந்தப் போட்டியில் அதைவிட மூத்தவர் எவரும் இன்றுவரை வெல்லவில்லை. உங்கள் சுற்றறிக்கை அன்று அவர் ஷெட் கதவில் ஒட்டப்பட்டிருந்தால் அந்தப் படம் இங்கே தொங்காது. 1913இல் அக்காலத்துப் பெரும் ஆட்டக்காரர்களான ஹாரி வார்டனையும் டெட் ரேயையும் தோற்கடித்து அமெரிக்க ஓபனை வென்ற 20 வயது ஃபிரான்சிஸ் விமெட், அதே புரூக்லைன் மைதானத்தில் முன்பு கேடியாக, அதாவது ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் ஆளாக, இருந்த பையன். 2008இல் இந்தியன் மாஸ்டர்ஸ் வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் அப்பா ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரை பார்த்துக்கொண்டவர்.

ஸ்பெயினின் பெரும் ஆட்டக்காரர் செவே பாயெஸ்டெரோஸ் கேடியாக இருந்த காலத்தில் மைதானத்தில் ஆட அவருக்கு அனுமதி கிடைப்பதே அரிது, கடற்கரை மணலில் ஒரே ஒரு மூன்றாம் எண் இரும்பு மட்டையை வைத்துக்கொண்டு கற்றார், அப்படியும் உலகத்தை வென்றாரே என்று உங்களில் ஒருவர் சொல்லலாம். சொல்லுங்கள். அவரை உள்ளே விடாத கிளப்பாக இருப்பதில் உங்களுக்குப் பெருமை என்றால் நான் என்ன சொல்ல முடியும்.

எங்களிடமும் ஒரு பிள்ளை இருக்கிறாள். பெயர் சொல்ல மாட்டேன், அவள் அப்பா பங்கர்களைப் பார்த்துக்கொள்கிறவர். ஆறு வயதில் திங்கட்கிழமை மாலைகளில் அவரோடு வந்து, யாரோ தூக்கிப்போட்ட ஒரு மட்டையின் தண்டை அறுத்துச் சின்னதாக்கி, பிடியில் டேப் சுற்றி, அதில் ஆரம்பித்தாள். இப்போது 13 வயது. பயிற்சித் திடலில் அவள் அடிக்கும்போது உறுப்பினர்கள் சிலர் தங்கள் வாளியை வைத்துவிட்டு நின்று பார்ப்பதை நானே கண்டிருக்கிறேன். பாராட்டிய கை ஒன்றாவது உங்கள் கமிட்டியில் இருக்கிறது. இனி அவள் வாளிக்குப் பணம் கட்டவேண்டும், திங்கட்கிழமை வரக்கூடாது. சுற்றறிக்கை வந்த அன்று அவள் அப்பா அதை வீட்டில் சொல்லவில்லை. மூன்று வாரமாகச் சொல்லவில்லை. 'துளை போடுகிற வேலை நடக்குது, அடுத்த வாரம் போலாம்' என்று தள்ளிக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் கேட்பது இவைதான்.

அந்தச் சுற்றறிக்கையை அடுத்த மாதம் பிறப்பதற்குள் நிறுத்தி வையுங்கள். திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல், பராமரிப்பு நடக்காத குழிகளில் ஊழியர்கள் ஆடலாம் என்பதை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுங்கள். அப்போதுதான் அடுத்த கமிட்டிக்கும் இதே மடலை எழுத வேண்டியிருக்காது. ஊழியர்களின் பிள்ளைகளுக்குப் பயிற்சித் திடலில் வாரம் இரண்டு வாளி, கூட்டம் இல்லாத நேரத்தில். வெளியாட்களை அழைத்து வரக்கூடாது, வண்டி எடுக்கக்கூடாது, பெயரை ஏட்டில் எழுதிவிட்டுத்தான் இறங்கவேண்டும் என்ற விதிகளை நாங்களே எழுதித் தருகிறோம். மீறுகிறவர் ஆட்டத்தை இழக்கட்டும், அவர் ஒருவர் மட்டும்.

இவை எதுவும் முடியாது என்றால், மூன்று ஆண்டுக்கு முன்பு நீங்கள் 'கணக்கில் கொண்ட' அந்த வசதியின் மதிப்பு எவ்வளவு என்று சொல்லி, அதை எங்கள் மாதச் சம்பளத்தில் சேர்த்துவிடுங்கள். கணக்கு உங்களிடம் இருக்கும் என்று நம்புகிறேன்.

கமிட்டி கூடும்போது எங்களில் இரண்டு பேரை உள்ளே அழைத்து அரைமணி நேரம் கேளுங்கள். தீர்மானம் எதுவானாலும் கையெழுத்தோடு எழுதி, சுற்றறிக்கை ஒட்டிய அதே ஷெட் கதவில் ஒட்டுங்கள். காலை நாலரைக்கு நாங்கள் அங்கே இருப்போம்.

இப்படிக்கு,
புல்தரைக் குழு ஊழியர் ஒருவர்